கோமளவல்லி பின்னிய இடக்கை

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் தனபாக்கியம். அவர் கோமளவல்லியின் கணவருக்குத் தங்கை. ஆகவே கோமளவல்லிக்கு நாத்தனார். ஒரு நாத்தனார் தன் அண்ணியைப் பற்றிச் சொல்லும் செய்தியில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் மீதியை நம்ப வேண்டும் என்பதை நான் அறியாதவள் அல்லள். அவ்வாறே பாதியைத் தள்ளினேன். தள்ளிய பாதியைப் பொற்கொடி நகர்வாசிகள் ஒவ்வொருவராக வந்து என் கூடத்தில் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஆகவே முழுவதையும் எழுதுகிறேன்.

பொற்கொடி நகர் வேலூரை அடுத்துப் பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஆறு என்பது அங்கே மணலின் பெயர். தண்ணீரே இல்லாத ஊரில் தண்ணீருக்கு இருக்கும் மரியாதை தெய்வத்துக்கும் இருப்பதில்லை. ஆனால் அந்த நகரில் இரண்டும் ஒரே அறையில் இருந்தன. மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறக்கும் இரும்புச் சாவி, குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் தணிகாசலத்தின் வீட்டுப் பூசையறையில், கதவுக்குப் பின்னால், ஓர் ஆணியில் தொங்கியது. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்பதைத் தணிகாசலம் தீர்மானித்தார். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற அவருக்குத் தீர்மானிப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை. அவருடைய மனைவியாகிய கோமளவல்லிக்கோ ஒரு பொழுதுபோக்கும் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையைத் தீர்த்தது அமெரிக்கா.

மகனைப் பார்க்கப் போன கோமளவல்லி, அங்கே ஒரு குளிர்காலம் முழுவதும் பனியைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு பெட்டி நிறையக் கம்பளி நூலுருண்டைகளோடும் இரண்டு இணைப் பின்னல் ஊசிகளோடும், காகங்கள் பறக்கச் சலித்து நிழலுக்கு நிழல் நடந்தே போகும் சித்திரை மாதத்தில் வேலூரில் வந்து இறங்கினார். பின்னல் அவருக்குப் புதிது. எப்படித் தொடங்குவது என்பதை, அங்கே இருந்தபோதே, கைப்பேசியில் ஒரு பெண் செய்து காட்டினாள். எப்படி முடிப்பது என்பதைக் காட்டுவதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. ஆனாலும் அவர் பின்னினார். விடியற்காலையில் பின்னினார், உலை கொதிக்கையில் பின்னினார், மின்சாரம் நின்று மின்விசிறி நின்று ஊரே விசிறிமட்டையும் கையுமாக வாசலுக்கு வந்தபோதும், மடியில் கம்பளியைப் பரப்பிக்கொண்டு, நெற்றி வியர்வை நூலில் சொட்டச் சொட்டப் பின்னினார்.

முதலில் முடிந்தது கணவருக்கு ஒரு மஃப்ளர். புதிதாகக் கற்கும் எல்லோரும் செய்யும் பிழையை அவரும் செய்தார். ஓர் ஓரத்தில் நூலை இறுக்கினார், மறு ஓரத்தில் தளரவிட்டார்; ஆகவே மஃப்ளர் நேராக வளராமல் நேந்திரம்பழம் போல் வளைந்து வளர்ந்தது. அனல் காற்று வீசிய ஒரு முற்பகலில் அதைக் கணவரின் கழுத்தில் சுற்றிவிட்டு, இரண்டடி பின்னே நகர்ந்து நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். நெடுங்காலம் இல்லறம் நடத்திய ஓர் ஆண்மகன் அந்தக் கேள்விக்கு என்ன விடை சொல்வானோ அதையே தணிகாசலமும் சொன்னார்.

"நல்லா இருக்கு."

அந்த வாரம் முடிவதற்குள் அவருடைய கழுத்து மஃப்ளரின் வளைவுக்குத் தக்கபடி வளைந்தது. தலை இடத்தோளை நோக்கிச் சாய்ந்து அங்கேயே தங்கிவிட்டது. யாரும் திடுக்கிடவில்லை. தலை சாய்ந்ததால், எதிரில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவரைப் போன்ற தோற்றம் அவருக்கு வந்தது. தோற்றம் வந்த பின்பு அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே அவர் உண்மையிலேயே கேட்கத் தொடங்கினார். பல ஆண்டுகளாக எந்த மனுவுக்கும் அசையாத நான்காம் தெருச் சாக்கடை மூடி அந்த மாதம் மாற்றப்பட்டது. "தலைவருக்கு என்ன ஒரு பணிவு பாருங்க," என்று ஊர் வியந்தது.

அடுத்ததாகச் சங்கச் செயலாளர் லோகநாதனுக்கு ஒரு குல்லாய். லோகநாதன், தலைவர் தும்மினால் அதற்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் எழுதக்கூடியவர். குல்லாய் அகலத்தில் குறைந்து உயரத்தில் ஓங்கி, கவிழ்த்து வைத்த புனல் போல் ஊசியில் வளர்ந்துகொண்டிருந்தபோதே அவருக்குத் தலைவலி கண்டது. இங்கேதான் ஊர் ஒன்றைத் தெரிந்துகொண்டது. கோமளவல்லியின் கைவேலைக்கு உடுத்தும் வரை காத்திருக்கும் வழக்கம் இல்லை. இன்னாருக்கு என்று அவர் மனத்தில் நினைத்து ஊசியில் கண்ணிகளை ஏற்றிய நாளிலேயே இன்னாருடைய உடம்பு அதற்கு ஆயத்தமாகத் தொடங்கிவிடும். லோகநாதனின் தலை பக்கங்களில் ஒடுங்கி மேல்நோக்கி எழுந்தது. அவருக்கு அதில் வருத்தம் இல்லை. சங்க விழாப் புகைப்படங்களில் அவர் முதன்முறையாகத் தலைவரைவிட உயரமாகத் தெரிந்தார். தம் சிந்தனைகளும் முன்பைவிட உயர்ந்த இடத்திலிருந்து வருவதாக இரண்டொருவரிடம் சொல்லவும் செய்தார். அவருடைய மனைவிக்குக் கிடைத்த கையுறைகளில் கட்டைவிரலுக்கு இடம் விடப்படவில்லை. அந்த அம்மையாரின் கட்டைவிரல்கள் உள்ளங்கைக்குள் பின்வாங்கிக்கொண்டன. கைப்பேசியில் செய்தி அனுப்ப அவரால் இயலாமற்போயிற்று. அதன் பயனாக இரண்டு தெருக்களில் ஐந்தாறு குடும்பங்கள் நிம்மதியாக இருந்தன.

மூன்றாவதாகக் காவலாளி ஏகாம்பரத்துக்கு ஒரு ஸ்வெட்டர். கணியம்பாடிப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து போகும் அந்த மனிதருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் குளிர்ந்ததாகத் தெரியவில்லை. ஸ்வெட்டரின் இடக்கை, கோமளவல்லி தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டே பின்னியது, ஆகவே நீண்டுவிட்டது. வலக்கை பின்னும்போது அந்நிற நூல் தீர்ந்துவிட்டது, ஆகவே குறைந்துவிட்டது. ஏகாம்பரத்தின் உடம்புக்குப் புதிதாக எதையும் உண்டாக்கத் தெரியவில்லை. அது ஏழை உடம்பு. ஆகவே வலக்கையிலிருந்து கடன் வாங்கி இடக்கைக்குக் கொடுத்தது. இடக்கை நீண்டது, வலக்கை சுருங்கியது. நாற்காலியிலிருந்து எழாமலேயே வெளிவாசலின் தாழ்ப்பாளை அவரால் நீக்க முடிந்ததைக் கண்டு, நகருக்குப் பொருத்தமான காவலாளி கிடைத்துவிட்டார் என்று அனைவரும் மகிழ்ந்தனர். அவருடைய சைக்கிள் மட்டும் ஓயாமல் வலப்பக்கமே திரும்பியது. ஆகவே அவர் வலப்பக்கம் திரும்பித் திரும்பியே வீடு போய்ச் சேரும் ஒரு சுற்றுவழியைக் கண்டுபிடித்துக்கொண்டார். கோமளவல்லி கேட்டபோது அவரும் சொன்னார்: "நல்லாத்தான் கீதும்மா."

இவ்வாறு கோமளவல்லி பின்னப் பின்ன, ஊர் அதற்கேற்ப வளைந்தது. யாரேனும் ஒருவர், ஒரே ஒருவர், இது கோணலாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம், ஆனால் பூசையறைக் கதவுக்குப் பின்னால் சாவி தொங்கியது, மேலும் ஆசையாகக் கொண்டுவந்து கொடுக்கும் பொருளை, "எதுக்குங்க இதெல்லாம்?" என்று ஒருமுறை மறுத்து, பின்பு வாங்கி, அவர் எதிரிலேயே அணிந்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புவதுதான் மரியாதை என்று அந்நகரத்தார் வளர்க்கப்பட்டிருந்தனர். இஸ்திரி போடுகிறவர் நீண்ட கைகளுக்குத் தனிக் கட்டணம் அறிவித்தார். கல்யாணத் தரகர், "பையனுக்குக் கை ரெண்டும் சமம்," என்பதை முதலில் நிறையாகச் சொல்லிப் பார்த்தார். ஆடி மாதத்துக்குள் அதைக் குறையாகக் கருதி மறைக்க வேண்டியதாயிற்று. ஏனெனில், கோணல் உடம்பு தலைவர் வீட்டுக்கு வேண்டியவர்கள் என்பதற்கு அடையாளமாகிவிட்டது. கோணாதவர்களின் தெருவுக்குத் தண்ணீர் வரும் நேரம் குறைந்துகொண்டே போயிற்று. நேரான தோளும் நேரான கழுத்தும் உடையவர்கள் கோமளவல்லியின் வாசலில் நின்று, "எங்களையெல்லாம் மறந்துட்டீங்களேம்மா," என்று கண் கலங்கினார்கள். குழந்தைகள் மனிதனை வரைந்தபோது ஒரு கையை நீளமாக வரைந்தார்கள். அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்தது.

மூன்றாம் தெருவில் எழிலரசி என்ற பெண் இருந்தாள். மணமாகி நெடுநாள் குழந்தையின்றி, வேலூரிலும் சென்னையிலும் எல்லா மருத்துவமனைப் படிகளையும் ஏறி இறங்கி, இனி இல்லை என்று எல்லோரும் சொல்லி முடித்த பின்பு கருவுற்றவள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்புக்கு வந்த கோமளவல்லி, அவள் கன்னத்தில் சந்தனத்தைத் தடவி, கையில் வளையலை ஏற்றி, கூடியிருந்த பெண்கள் அனைவரும் கேட்கும்படி அறிவித்தார்: "எழில், உன் புள்ளைக்கு ஸ்வெட்டர் நான் போடறேன். பொறந்ததும் ஆஸ்பத்திரிக்கே எடுத்துட்டு வந்து நானே மாட்டி விடறேன்."

பெண்கள் மகிழ்ச்சி தெரிவித்தார்கள். எழிலரசியின் இரண்டு கைகளும், வளையல் ஒலிக்க, வயிற்றின் மேல் போய் மூடிக்கொண்டன.

அந்த வாரம் முதல் வயிற்றுக்குள் குழந்தை ஒரு பக்கமாகவே உதைத்தது. அவள் தன் மாமியார் பூங்காவனத்திடம் சொன்னாள். பூங்காவனம் ஆயிரம் சண்டைகளுக்கு அஞ்சாதவர். தண்ணீர்க் குழாய்க்கு மட்டும் அஞ்சுபவர்.

"அத்தை, குழந்தை ஒரு பக்கந்தான் அசையுது. மறுபக்கம் கையே இல்லாத மாதிரி இருக்குது."

"சும்மா இரு. வாயால சொல்லாதே."

"சொல்லலைன்னா மட்டும் வராதா? ஏகாம்பரம் கையைப் பார்த்தீங்கல்ல?"

பூங்காவனம் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, "வா, போய்ப் பக்குவமாச் சொல்லிப் பார்க்கலாம்," என்றார்.

தணிகாசலத்தின் கூடத்தில், மேசை மேல், அந்தக் கைவேலை பாதி முடிந்து கிடந்தது. கோமளவல்லி இப்போது கைதேர்ந்துவிட்டதாக எண்ணித் துணிந்து இறங்கியிருந்தார். ஒரு சட்டைக்கை, விரலை நுழைக்கப் போதுமான அளவில் நின்றுவிட்டிருந்தது. மேற்புறம் இரண்டு ஓரங்களும் ஒன்றாகச் சேர்த்து இறுக மூடப்பட்டிருந்தன. தலை வெளியே வருவதற்கென்று ஒரு வழி வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எழிலரசி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டாள்.

பூங்காவனம் பக்குவமாகத் தொடங்கினார். "கோமளாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பொறக்காத புள்ளைக்குப் புதுத்துணி வாங்கற வழக்கம் எங்க வீட்ல இல்லை. பொறந்ததும் பழைய வேட்டியைக் கிழிச்சுத்தான் சுத்துவோம். நல்லா வாழ்ந்தவங்க கட்டின பழசு."

"இது துணி இல்லையே பூங்காவனம். கம்பளி."

"கம்பளின்னாலும் புதுசு, புதுசுதானுங்களே."

கோமளவல்லி ஊசியால் கொண்டையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "பாதி ஆயிடுச்சு. மீதிப் பாதியைப் பழைய நூல்ல முடிச்சுட்டா? நல்லா வாழ்ந்தவங்க போட்ட பழசாத்தானே இருக்கணும்?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் பக்கத்து அறைக்குப் போய், தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த கணவரின் கழுத்திலிருந்து மஃப்ளரை உருவிக்கொண்டு வந்தார். "இதைவிடப் பழசு என்கிட்ட இல்லை. இவரைவிட நல்லா வாழ்ந்தவரும் இந்த நகர்ல இல்லை. கையை நீட்டு எழில், நூலைச் சுத்தணும்."

எழிலரசி இரண்டு கைகளையும் நீட்டினாள். கோமளவல்லி மஃப்ளரின் ஓர முடிச்சை அவிழ்த்து இழுத்தார். வரி வரியாகக் கண்ணிகள் கலைந்து, சுருள் சுருளாக நூல் அவள் கைகளில் ஏறியது. திறந்திருந்த கதவு வழியே தணிகாசலம் தெரிந்தார். தண்ணீர் லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க, சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். டீசல் விலை ஏறிடுச்சு, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது…"

நூல் ஏற ஏற அவருடைய தலை தோளை விட்டுப் பிரிந்து எழுந்தது. பாதி மஃப்ளர் அவிழ்ந்தபோது பாதி நிமிர்ந்திருந்தது. கடைசி வரி கலைந்ததும், தலை கழுத்தின் மேல் நட்டுவைத்த கல்லைப்போல் நேராக வந்து அமர்ந்தது.

"அதெல்லாம் முடியாது. பழைய ரேட்டுக்கு வந்தா வா. வைய்யா போனை."

எழிலரசிக்கு விளங்கிவிட்டது. அவிழ்த்தால் திரும்பும். ஆனால் அவிழ்க்க வேண்டுமானால், அவிழ்க்க வேண்டிய பொருள் இது என்று யாரேனும் சொல்ல வேண்டும்; அந்த நகரில் அந்த வாக்கியத்தைச் சொல்லும் வாய் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கோமளவல்லி மேசை மேலிருந்த குட்டி ஸ்வெட்டரை எடுத்து, அவளுடைய வயிற்றின் மேல் வைத்து அளவு பார்த்து, இரண்டடி பின்னே நகர்ந்து நின்று கேட்டார்:

"எப்படி இருக்கு?"

குழந்தை ஒரு பக்கமாக உதைத்தது.

"நல்லா இல்லீங்கம்மா," என்றாள் எழிலரசி.

பூங்காவனம் பாய்ந்து வந்தார். "உஷ்ணம் தலைக்கேறிடுச்சு. காலையிலருந்து இப்படித்தான் ஏதேதோ பேசுது. நல்லா இருக்குங்க, ரொம்ப நல்லா இருக்குங்க."

கோமளவல்லி பூங்காவனத்தைப் பார்க்கவே இல்லை. "எங்கே நல்லா இல்லை?"

"கழுத்துல. கழுத்தே இல்லீங்கம்மா. ஒரு கை என் விரல் நீளந்தான் இருக்குது. இதைப் போட்டா என் புள்ள…"

கோமளவல்லி அந்த ஸ்வெட்டரை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், உள்ளே கையை விட்டு மேற்புறம் வழி தேடினார். பிறகு அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நிமிர்ந்த தலையோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தணிகாசலம், அவர்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அவ்வளவு மரியாதையை அவரிடம் யாரும் கண்டதில்லை.

அன்று மாலை மூன்றாம் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வெற்றுக் குடங்களோடு நின்ற பெண்கள் எழிலரசியின் வீட்டுச் சன்னலைப் பார்த்துப் பேசினார்கள். சன்னலிடமே பேசுகிறவர்களைப் போல் உரக்கப் பேசினார்கள்.

"நல்லா இருக்கு. ரெண்டே வார்த்தை. சொல்லிட்டுப் போயிருந்தா நாக்கு தேஞ்சிடுமா?"

"எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு காதும் ஒரே பக்கம் வந்துடுச்சுடி. நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"படிச்ச பொண்ணு. அதான் இங்கிதம் தெரியலை."

எழிலரசியின் கணவன் குமரவேல் அலுவலகத்திலிருந்து வரும்போதே இரண்டு கைகளிலும் தண்ணீர்க் கேன்களைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா என்ன எழில்?" என்று கேட்டான். "கேக்கறேன்," என்றாள் அவள். "உன் புள்ளைக்குக் கழுத்து எந்த இடத்துல வரணும்னு நீ சொல்லிடு, கேக்கறேன்." அவன் கேன்களை இறக்கி வைத்துவிட்டு, அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, மேல்நிலைத் தொட்டியின் நிழலில், சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. நீண்ட தலையில் நீண்ட குல்லாயோடு லோகநாதன் எழுந்து தீர்மானத்தைப் படித்தார்: தலைவர் இல்லத்து அம்மையார் தாயன்போடு வழங்கிவரும் கைவேலைகளைக் குறை கூறுவது நகரின் ஒற்றுமைக்கும் நீர்வளத்துக்கும் ஊறு விளைவிப்பது என்றும், மூன்றாம் தெருவைச் சேர்ந்த திருமதி எழிலரசி பொதுவில் வருத்தம் தெரிவிக்கும்வரை அவ்வீட்டின் இணைப்பை நிறுத்தி வைப்பது என்றும் அது கூறியது. எழிலரசி முன்வரிசையில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தாள். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் லோகநாதன். நீண்ட கைகளும் குறுகிய கைகளும் விரல் குறைந்த கைகளும், அவரவர்க்கு வாய்த்த உயரத்தில், எழுந்தன.

அப்போது கோமளவல்லி வந்தார். ஒரு கையில் பின்னல் பை, மறுகையில் சாவி. சாவியை லோகநாதனின் மேசை மேல், மைக்கூடு குதிக்கும்படி, போட்டார்.

"முதல்ல மூணாம் தெருவுக்குத் தண்ணியைத் திறந்துட்டு வா. அப்புறம் தீர்மானம் எழுது."

"கோமளா, வீட்டுக்குப் போ," என்றார் தணிகாசலம்.

"மஃப்ளரை அவுத்ததுலருந்து உங்க பேச்சே சரியில்லை. சும்மா உக்காருங்க," என்று சொல்லிவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "உங்க எல்லாரையும் ஒண்ணு கேக்கணும். நான் போட்டுக் குடுத்ததெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றது கூட்டம். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் ஒரே குரலாகச் சொன்னது.

"ஏகாம்பரம், நீ சொல்லு."

வாசலோரம் நின்றிருந்த ஏகாம்பரம் ஓரடி முன்னே வந்தார். "நல்லாத்தான் கீதும்மா."

"அப்ப எனக்கு ஏன் ஒத்தைக் கையால சலாம் போடறே? முன்னெல்லாம் கும்பிடுவியே?"

"பழகிப்போச்சும்மா."

"கோயில்லயும் கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறதா என் நாத்தனார் சொல்றா. ஆத்தாகிட்ட என்ன கோவம் உனக்கு? இப்பக் கும்பிடு. ஆத்தாளைக் கும்பிடற மாதிரி, தலைக்கு மேல தூக்கிக் கும்பிடு."

ஏகாம்பரம் தலைவரைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார், யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நிமிர்த்தித் தூக்கினார். உள்ளங்கைகள் பொருந்தவில்லை. வலக்கை விரல்களின் நுனி, இடக்கை விரல்களின் அடியைக்கூடச் சரியாக எட்டாமல் கீழே நின்றது. நின்ற இடத்திலேயே நுனிக்காலில் எக்கினார். எக்கியபோது இரண்டு கைகளும் சேர்ந்தே உயர்ந்தனவே தவிர, ஒன்றை ஒன்று சேரவில்லை. கூட்டத்தில் எவரோ சிரித்தார்கள். பின்பு தம் கைகளைப் பார்த்துக்கொண்டு நிறுத்தினார்கள்.

கோமளவல்லி அதை வெகுநேரம் பார்த்தார்.

"அமெரிக்காவுல பக்கத்து வீட்ல ஒரு வெள்ளைக்காரி," என்றார் பிறகு. "நான் முதல்ல போட்ட பின்னலைக் காட்டினேன். காலைத் துடைக்கக்கூட லாயக்கில்லைன்னா. அன்னைக்கு ராத்திரி அழுதேன். மறுநாள் உக்காந்து ஒரு வரி ஒழுங்காப் போட்டேன். நான் போட்டதுலயே ஒழுங்கான வரி அது ஒண்ணுதான். இங்கே வந்தப்புறம் யாரும் என்னை அழ வைக்கலை." நாத்தனார் பக்கம் திரும்பினார். "தனம், இஞ்ச் டேப் வச்சிருக்கியா?"

தனபாக்கியம் ரவிக்கை தைப்பவர். அண்ணியின் குறையை அளக்க ஒரு நாள் அழைப்பு வரும் என்று காத்திருந்தவரைப் போல், நாடாவை இடுப்பிலேயே செருகிக்கொண்டு வந்திருந்தார். ஏகாம்பரத்தின் இரண்டு கைகளையும் தோளிலிருந்து நடுவிரல் வரை அளந்து, அளவை உரக்கச் சொன்னார். அவருடைய குரலில் இருந்த மகிழ்ச்சியை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

"எழில், வா. கையை நீட்டு."

எழிலரசி எழுந்து வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். கோமளவல்லி, ஏகாம்பரம் அணிந்திருந்த நிலையிலேயே, இடக்கை மணிக்கட்டில் முடிச்சைத் தேடி அவிழ்த்து இழுக்கத் தொடங்கினார்.

அதற்குப் பின்பு நடந்தவற்றை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். எழிலரசிக்கு ஆண் குழந்தை பிறந்தது; இரண்டு கைகள், ஒரே அளவு; கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கழுத்து. ஏனெனில் கோமளவல்லி அந்தக் குட்டி ஸ்வெட்டரை முழுக்க அவிழ்த்து, பழைய நூலிலேயே திரும்பப் போட்டு, ஒவ்வொரு நாளும் மூன்றாம் தெருவுக்கு எடுத்து வந்து காட்டினார். எழிலரசி ஒவ்வொரு நாளும் எங்கே தவறு என்று சொன்னாள். கோமளவல்லி ஒவ்வொரு நாளும் கோபித்துக்கொண்டு போய் அவிழ்த்தார். குழந்தை பிறந்ததும் பூங்காவனம் கிழித்துக் கொடுத்த பழைய வேட்டித்துண்டில் சுற்றப்பட்டது. பிறகு ஸ்வெட்டர் மாட்டப்பட்டது. மாட்டியதும் அது வீறிட்டு அழுதது. பொற்கொடி நகரில் அந்தக் கைவேலையைப் பற்றி யாரும் கற்றுத்தராமலே உண்மை சொன்ன முதல் ஆள் அவன்தான். "புழுங்குது போல," என்று கோமளவல்லியே அதைக் கழற்றிவிட்டார். மற்றவர்களில் பெரும்பாலோர் தங்களுடையதைத் திருப்பித் தரவில்லை. லோகநாதன் குல்லாயை இரவிலும் கழற்றாமல் தூங்குவதாகக் கேள்வி. காதுகள் இடம் மாறியவர், ஒரு பக்கம் படுத்தால் உலகமே அமைதியாக இருப்பதால் இதுவே வசதி என்கிறார். தலைவருக்கு வேறு ஒரு மஃப்ளர், அதே பிழையோடு, போட்டுக் கொடுக்கும்படி நான்காம் தெருவாசிகள் கையெழுத்திட்டு ஒரு மனுக் கொடுத்திருக்கிறார்கள். கோமளவல்லி எவ்வளவோ முயன்றும் இப்போது அவருக்கு அந்தப் பிழை வரவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை இவை எதுவும் நடந்திருக்கவில்லை. அதற்குள் லோகநாதன் போய் வால்வைத் திறந்திருந்தார்; தொட்டியிலிருந்து மூன்றாம் தெருவுக்குத் தண்ணீர் இறங்கும் ஓசை குழாய்களுக்குள் கேட்டது. நூல் வரி வரியாக அவிழ்ந்து எழிலரசியின் கைகளில் ஏறியது. ஒவ்வொரு வரிக்கும் இடக்கை சிறிது உள்வாங்கியது, வலக்கை சிறிது வெளிவந்தது. வட்டி கேட்கத் தெரியாதவனுக்கும் அசல் திரும்புவது போல், அவசரமில்லாமல், வாங்கியவன் முகத்தில் வெட்கமும் கொடுத்தவன் முகத்தில் நம்பிக்கையின்மையுமாக அது திரும்பிக்கொண்டிருந்தது. எழிலரசி திடுக்கிட்டு வயிற்றைக் குனிந்து பார்த்தாள். அதுவரை அசையாதிருந்த பக்கத்திலிருந்து உள்ளே எதுவோ ஓங்கி இடித்திருந்தது; குட்டி ஸ்வெட்டரைக் கோமளவல்லி மனத்தில் அப்போதே அவிழ்த்துவிட்டிருக்க வேண்டும். கையிலிருந்த நூலை அவள் நழுவ விடவில்லை. "போதும்மா," என்றார் ஏகாம்பரம், யாரும் கேட்காமலேயே, முதன்முறையாக. கோமளவல்லி இழுப்பதை நிறுத்தினார். ஏகாம்பரம் கைகளைத் தலைக்கு மேலே தூக்கினார். விரல்நுனியோடு விரல்நுனி, உள்ளங்கையோடு உள்ளங்கை, ஓசையின்றிப் பொருந்தியது. அவர் தலைவர் இருந்த பக்கம் திரும்பவில்லை. ஊர்க்கோடியில் மாரியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். தனபாக்கியம் நாடாவைப் பிடித்து, ஒருமுறைக்கு இருமுறை அளந்து, கூட்டம் கேட்கச் சொன்னார்: இடக்கை வலக்கைக்குத் திருப்பிக் கொடுத்தது இரண்டே கால் அங்குலம்.